கைக்குழந்தை உள்ள புது நர்ஸுக்கு நைட் டூட்டி போடலாமா?

மல்லிகை_மதுரை:
பி.எஸ்சி. நர்சிங் முடித்து, நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்து, ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்து 3 மாதம் ஆகிறது. மகளுக்கு 10 மாதம். இரவு 8 முதல் காலை 8 வரை, தொடர்ந்து 6 நைட். கணவருக்குத் திருப்பூரில் வேலை, ஞாயிறுதான் வருவார். அம்மாதான் பார்த்துக்கொள்கிறார். அவருக்கோ சர்க்கரை; ராத்திரி இரண்டு தடவை எழுந்தால் மறுநாள் தலைசுற்றல். நான் வீட்டுக்கு வந்து படுக்கும் நேரத்தில் மகள் விளையாட எழுந்துவிடுகிறாள். ஒரு வருடம் நைட் வேண்டாம் என்று கேட்டால் தப்பா?

வார்டு_அக்கா:
கேட்பது தப்பில்லைம்மா. ஆனால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வார்டு இன்சார்ஜாக 14 வருடமாக ரோஸ்டர் (யாருக்கு எந்த டூட்டி என்ற பட்டியல்) போடுகிறேன். உன் நைட்டெல்லாம் கல்யாணமாகாத பிள்ளைகள் தலையில்தான் விழும். அவர்கள் வீட்டிலும் படுத்த படுக்கையாய் அப்பா இருக்கலாம். அப்புறம், ராத்திரியில்தான் வேலை பழகும். மூன்று மணிக்கு நோயாளியின் மூச்சு மாறுவதை நீயே கவனித்து டூட்டி டாக்டரை எழுப்பும்போதுதான் தைரியம் வரும்.

செந்தில்_தஞ்சை:
என் மனைவியும் நர்ஸ்தான். அக்கா, பாரத்தை ஏன் நர்ஸுகளுக்குள்ளேயே பங்கு போடுகிறீர்கள்? 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். நாளுக்கு 4 தடவை போய்க் குழந்தையைப் பார்க்கலாம். பெண்கள் வேலையில் சேரும்போதே இந்தச் சலுகைகளை எழுத்தில் தர வேண்டும். சிஸ்டர், உங்களுக்குத் தந்தார்களா?

மல்லிகை_மதுரை:
இல்லை. நாங்கள் 200 பேருக்கு மேல் இருக்கிறோம். காப்பகம் என்று ஓர் அறைகூடக் கிடையாது.

வார்டு_அக்கா:
தம்பி, சட்டம் சரி. 20 படுக்கைக்கு ராத்திரியில் இரண்டு பேர். ஒருத்தி குழந்தையைப் பார்க்கப் போன நேரத்தில் யாருக்காவது ஃபிட்ஸ் வந்தால், மற்றவள் மருந்து எடுப்பாளா, ஆளைப் பிடிப்பாளா?

செந்தில்_தஞ்சை:
அது ஆள் போடாத நிர்வாகத்தின் குறை. அதற்குப் பத்து மாதக் குழந்தை ஏன் விலை கொடுக்க வேண்டும்? அவரவர் மருத்துவமனையில் நர்ஸுகள் எல்லோரும் சேர்ந்து எழுதிக் கொடுங்கள். உங்கள் இடத்தில் இன்சார்ஜ் என்று முதல் கையெழுத்து நீங்கள் போடுங்கள் அக்கா.

வார்டு_அக்கா:
காப்பகத்துக்குப் போடுகிறேன். ஒரு வருடம் நைட்டே வேண்டாம் என்ற விலக்குக்குப் போட மாட்டேன். மல்லிகை, 6 நைட்டை மூன்று மூன்றாகப் பிரித்து, நடுவில் ஆஃப் கேள். என் வார்டில் இரண்டு பேருக்கு அப்படித்தான் போட்டிருக்கிறேன்.

மல்லிகை_மதுரை:
மூன்று என்றால் அம்மா தாங்குவார். அடுத்த மாத ரோஸ்டர் போடுவதற்குள் எங்கள் இன்சார்ஜிடம் கேட்கிறேன். காப்பகத்துக்கான மனுவையும் இன்றே எழுதத் தொடங்குகிறேன்.