ஹார்ட் நாக்ஸில் ஆளை அனுப்பும் காட்சி: உங்களால் பார்க்க முடிகிறதா?

ட்ராய்க்காரன்:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு இந்த அமெரிக்க ஃபுட்பால் முழுசாகப் புரியாது. 2011-இல் மிச்சிகன் வந்தேன். பத்து வருஷமாக, தலையில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டிக்கொள்கிறார்கள் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டிருந்தேன். 2022 ஆகஸ்டில் பையன்தான் பிடித்து உட்கார வைத்தான். அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. எச்பிஓவில் ‘ஹார்ட் நாக்ஸ்’. பயிற்சி முகாமுக்குள் கேமராவோடு போய், எடுத்ததை அந்தந்த வாரமே வெட்டி ஒட்டிக் காட்டும் தொடர். அந்த வருஷம் எங்கள் டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் முறை. செவ்வாய் இரவு பத்து மணி, ஐந்து வாரம். பள்ளி விடுமுறை என்பதால் வீட்டிலும் ஒன்றும் சொல்லவில்லை.

பிடித்துப்போனது. கோச் டான் கேம்பல் ஆட்டக்காரர்களோடு தானும் தரையில் விழுந்து எழுந்து உடற்பயிற்சி செய்கிறார். அவரே பழைய லயன்ஸ் ஆள், 2008-இல் பதினாறு ஆட்டத்திலும் தோற்ற அந்த அணியின் பட்டியலில் பெயர் இருந்தவர். உதவிப் பயிற்சியாளர்களிலும் பாதிப் பேர் முன்னாள் ஆட்டக்காரர்கள். முந்தைய சீசனில் 3 வெற்றி, 13 தோல்வி, 1 சமன் என்று முடித்திருந்தார்கள். அதை நினைத்து ஆட்டக்காரர் ஜமால் வில்லியம்ஸ் எல்லாரையும் சுற்றி நிறுத்திவைத்து அழுதுகொண்டே பேசுவார். நான் சிரித்தேன். பையன் சிரிக்கவில்லை. (அந்த ஜமால்தான் அந்த சீசனில் 17 டச்டவுன் (பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது) ஓடி, பழைய லயன்ஸ் நட்சத்திரம் பாரி சாண்டர்ஸின் அணிச் சாதனையை உடைத்தார். பையன் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறான்.)

விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தொடரில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வரும். முகாமுக்கு 90 பேர் வருவார்கள், கடைசியில் 53 பேர்தான் மிஞ்ச வேண்டும். வேண்டாத ஆளை அலுவலகத்துக்குக் கூட்டிவர ஒருவர் போவார். அவரை ‘டர்க்’ என்கிறார்கள், ஏன் அந்தப் பெயரோ. கோச் பார்க்கணுமாம், பிளேபுக்கை எடுத்துட்டு வா, அவ்வளவுதான் சொல்வார். பிளேபுக் என்றால் ஆட்டத் திட்டப் புத்தகம், முன்பெல்லாம் தடி ஃபைல், இப்போது டேப்லெட். உள்ளே ஒரு மேஜை, எதிரே ஒரு நாற்காலி. இரண்டு நிமிஷம். கை குலுக்கல். வெளியே.

2022-இல் அதை நான் கவனித்துப் பார்த்ததாக ஞாபகம் இல்லை. ஸ்நாக்ஸ் எடுக்க எழுந்து போயிருப்பேன்.

2023 மார்ச்சில் என் வேலை போனது. வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனி, பிரேக் சோதனைப் பிரிவு, ஏழு வருஷம். காலை 9.15-க்கு ஒரு மீட்டிங் அழைப்பு, ‘லேப்டாப்பைக் கையோடு கொண்டு வரவும்’ என்று கீழே ஒரு வரி. மேனேஜர் என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கிரீனில் ஓர் அம்மா காகிதத்தைப் பார்த்து வாசித்தார். பதினொரு நிமிஷம். எச்-1பி விசாவுக்கு அறுபது நாள் கெடு என்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வாரம் பையன் ஆறுதலாக இருக்கட்டும் என்று லயன்ஸ் தொடரை மறுபடி போட்டான். பிளேபுக்கை எடுத்துட்டு வா என்ற இடம் வந்ததும் எழுந்து கராஜுக்குப் போய்விட்டேன். கார் சக்கரத்தில் காற்று பார்ப்பது போல அரை மணி நேரம்.

இப்போது வேறு வேலை, எல்லாம் சரி. ஆனால் எனக்கும் பையனுக்கும் வாக்குவாதம் தீரவில்லை. அந்த அறைக்குள் கேமரா போகலாமா? அவன் சொல்கிறான், கேமரா இருக்கிறது என்று தெரிந்துதானே வருகிறார்கள் அப்பா, உனக்கு என்ன கஷ்டம். பல வருஷமாகப் பார்ப்பவர்கள் சொல்லுங்கள்.

---

எடிசன் ஜெயண்ட்ஸ் பைத்தியம்:

அண்ணே, வேலை கிடைத்ததில் சந்தோஷம். ஆனால் நான் உங்கள் பையன் கட்சி. காரணம் வேறு.

இந்தத் தொடரை எடுப்பது என்எஃப்எல் (அமெரிக்க ஃபுட்பால் லீக்) ஃபிலிம்ஸ், இங்கே நியூ ஜெர்சி மவுண்ட் லாரலில் இருக்கும் லீக்கின் சொந்தக் கடை. ஒளிபரப்புக்கு முன்னால் அணிக்காரர்கள் பார்த்து, இது வேண்டாம் அது வேண்டாம் என்று சொல்ல வழி உண்டு. அப்படி வடிகட்டி வரும் ஒரு மணி நேரத்தில் பாதி விளம்பரம்தான். சூரிய உதயத்தில் மைதானம், ஸ்லோ மோஷனில் வியர்வை, வர்ணனை சொல்லும் லீவ் ஷ்ரைபரின் அந்தக் கனத்த குரல். நிஜம் என்று இருப்பது அந்த நாற்காலிக் காட்சி ஒன்றுதான். அதையும் எடுத்துவிட்டால் மிச்சம் ஷூ விளம்பரம்.

ஆசைப்பட்டு ஒத்துக்கொள்ளும் அணிகளும் குறைவு. அதனால்தான் 2013-இல் லீக் ஒரு விதி போட்டது: புதுக் கோச் வந்த வருஷமாக இருக்கக் கூடாது, கடந்த இரண்டு சீசனில் பிளேஆஃப் (கோப்பைக்கான நாக்-அவுட் சுற்று) போயிருக்கக் கூடாது, கடந்த பத்து வருஷத்தில் தொடரில் வந்திருக்கக் கூடாது. இந்த மூன்றிலும் தப்பாத அணியை அப்போது கட்டாயப்படுத்த முடிந்தது. 2023-இல் நியூயார்க் ஜெட்ஸ் அணி அப்படி மாட்டியதுதான். நட்சத்திர ஆட்டக்காரர் ஆரன் ராட்ஜர்ஸ் வந்துவிட்டார், இனி கோப்பைதான் என்று ஐந்து வாரம் காட்டினார்கள். செப்டம்பர் 11, முதல் ஆட்டம், அவர் இறங்கி நாலாவது ஸ்னாப் (பந்தை ஆட்டத்துக்குள் விடுவது), குதிகால் தசைநாண் போச்சு, சீசனும் போச்சு.

எங்கள் கதை அதைவிட மோசம். 2024-இல் சீசன் முடிந்த இடைக்காலத்தை எடுக்கிறோம் என்று ஜெயண்ட்ஸ் அலுவலகத்துக்குள் கேமரா வைத்தார்கள். எங்கள் நட்சத்திர ஓட்டக்காரன் சேக்வான் பார்க்லியைப் போக விடலாமா என்று பேசுகிறார்கள். அவன் ஃபிலடெல்ஃபியா போய்விட்டால் எனக்குத் தூக்கம் வராது என்கிற மாதிரி முதலாளி ஜான் மாரா மேனேஜரிடம் சொல்கிறார், அதுவும் பதிவாகிறது. அவன் ஃபிலடெல்ஃபியாவுக்கே போனான். 2,005 கெஜம் ஓடினான். லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலும் ஜெயித்தான். என் மச்சான் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் ரசிகன், அந்தத் துண்டு வீடியோவை வாரத்துக்கு ஒரு தடவை எனக்கு அனுப்புகிறான்.

வேலையை விட்டு அனுப்புகிறவர்களும் கேமரா முன்னால் உட்காரட்டும் அண்ணே. உங்கள் மேனேஜருக்கு எதிரே ஒரு கேமரா இருந்திருந்தால் ஜன்னலைப் பார்த்திருப்பாரா?

---

கிளீவ்லாந்து அக்கா:

தம்பி ஜெயண்ட்ஸ், உன் மச்சானுக்கு என் வணக்கம்.

ட்ராய்க்காரரே, நீங்கள் எங்கள் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியின் 2018 சீசன் பார்த்தீர்களா? அதற்கு முந்தின வருஷம் இங்கே 16-க்கு 16 தோல்வி. பனியில் தோல்வி ஊர்வலம் நடத்திய ஊர் இது, அதனால் தொடர் வந்தபோது எங்களுக்கு இழக்க ஒன்றுமில்லை. என் கணவருக்கு விளையாட்டு என்றாலே கிரிக்கெட்தான். அவரே உட்கார்ந்து பார்த்தார். காரணம் கார்ல் நாசிப். டிஃபென்ஸ் ஆட்டக்காரர்களின் அறையில் பலகையில் எழுதி, கூட்டு வட்டி என்றால் என்ன, பத்து சதவீதம் கிடைத்தால் ஏழு வருஷத்தில் பணம் எப்படி இரட்டிப்பாகும் என்று பாடம் எடுப்பார். நூற்றிருபது கிலோ ஆட்கள் வகுப்புப் பையன்கள் மாதிரி வாயைப் பிளந்து கேட்பார்கள். என் கணவர் மறுநாள் அலுவலகத்தில் அதைத்தான் பேசினாராம்.

அந்த நாசிபையே செப்டம்பர் தொடக்கத்தில் பிரவுன்ஸ் அனுப்பிவிட்டார்கள். மறுநாளே டாம்பா அணி எடுத்துக்கொண்டது, அது வேறு.

இன்னொருவர் டெவன் கஜூஸ்ட். ஸ்டான்ஃபோர்டில் படித்தவர், அப்பாவும் பிள்ளையும் கற்களைக் கையில் வைத்துக்கொண்டு சக்தி அது இது என்று பேசுவார்கள். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, நம்ம ஊர் ராசிக்கல் ஞாபகத்தில். ஆனால் இரண்டு மூன்று வாரத்தில் அந்த அப்பாவும் பிள்ளையும் நமக்கு வேண்டியவர்கள் ஆகிவிடுகிறார்கள். அப்புறம் அவரையும் அனுப்புகிறார்கள். நான் அழுதேன், மறைக்கவில்லை.

நீங்கள் கேட்டதற்கு என் பதில்: கேமரா அந்த அறையில் இருக்கலாம், ஆனால் ஆளைக் கேட்டுவிட்டு ஒளிபரப்ப வேண்டும். அணிக்குப் ‘பார்த்து வெட்டு’ என்ற உரிமை இருக்கிறதல்லவா, அதே உரிமை போகிறவனுக்கும் வேண்டும். அவன் அம்மா வீட்டில் டிவி முன்னால் இருப்பாள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆளை அனுப்பியவரும் தப்பவில்லை. அந்த முகாமின்போது கோச் ஹ்யூ ஜாக்சனுக்குச் சில வார இடைவெளியில் அண்ணனும் அம்மாவும் இறந்தார்கள், அதோடுதான் வேலைக்கு வந்தார். அக்டோபர் 29, சீசன் பாதியில், அவரையும் அனுப்பினார்கள். அதே நாளில் அவரோடு ஒத்துப்போகாத உதவிப் பயிற்சியாளர் டாட் ஹேலியையும். அதை எடுக்க அப்போது கேமரா இல்லை.

---

ரம்மி ராஜா:

என்எஃப்எல்லில் புதுப் பையனுக்கே 2022-இல் குறைந்தபட்சச் சம்பளம் 7,05,000 டாலர். இவனுங்களுக்காக அழுறீங்களா? என்னை அனுப்பினப்ப எனக்கு ஒரு மக் கொடுத்தாங்க.

---

ட்ராய்க்காரன்:

ராஜா, நானும் அப்படித்தான் நினைத்தேன். பையன் திருத்தினான். அந்தச் சம்பளம் சீசன் தொடங்கிய பிறகு வாராவாரம் பிரித்துத் தருவது. ஆகஸ்டில் வீட்டுக்கு அனுப்பினால் அந்த ஏழு லட்சத்தில் ஒரு காசு கிடையாது. முகாமில் இருந்த வாரங்களுக்குச் சின்னப் படி ஒன்று உண்டு, அவ்வளவுதான். பிராக்டிஸ் ஸ்குவாடில் (53 பேருக்கு வெளியே பயிற்சிக்கு வைத்திருக்கும் குழு) சேர்த்துக்கொண்டால் அந்த வருஷக் கணக்கில் வாரம் 11,500. அதற்கும் அணிக்குப் பதினாறு இடம்தான்.

மக் கதையைத் தனி இழையாகப் போடுங்கள், என்னிடம் ஒரு குடை இருக்கிறது.

---

பஃபலோ பனி:

எனக்கு இந்தக் காட்சி என்றாலே 2012 மயாமி சீசன்தான். அதில் இரண்டு வரும். ஆட்டக்காரர் சாட் ஜான்சன் கைதான பிறகு கோச் ஜோ ஃபில்பின் கூப்பிட்டு அனுப்பியது ஒன்று. இன்னொன்று வான்டே டேவிஸ். அவரை அனுப்பவில்லை, இண்டியானாபொலிஸ் அணிக்கு மாற்றிவிட்டார்கள். செய்தியைக் கேட்டதும் பாட்டிக்கு ஒரு போன் பண்ணலாமா என்று கேட்பார். பாட்டிதான் வளர்த்தவர். அன்றைக்கு எல்லாரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எங்கள் ஹாஸ்டலில் ஒருத்தன் பாடம் ஃபெயிலானால்கூட ‘பாட்டிக்கு போன் பண்ணவா’ என்பான்.

ஆறு வருஷம் கழித்து 2018 செப்டம்பரில் அவர் எங்கள் பில்ஸ் அணியில். சார்ஜர்ஸோடு சொந்த மைதான ஆட்டம், நான் மேல் அடுக்கில் இருந்தேன். பாதி ஆட்டத்தோடு இனி விளையாடவில்லை என்று உடை மாற்றிக்கொண்டு ஓய்வு அறிவித்துவிட்டார். ஊரே திட்டியது. நானும் திட்டினேன். 2024 ஏப்ரலில் இறந்துபோனார், 35 வயது. அப்புறம் அந்த 2012 காட்சியைத் தேடிப் பார்த்தேன். கேலி செய்ய அதில் ஒன்றுமே இல்லை. ஊர் மாறச் சொன்னால் யார்தான் வீட்டுக்கு போன் செய்ய மாட்டார்கள்?

2025-இல் பில்ஸும் ஹார்ட் நாக்ஸில் வந்தது. பார்த்தேன். ஆனால் அந்த மாதிரிக் காட்சி வரும்போது ஒலியைக் குறைத்துவிட்டேன், ட்ராய் அண்ணே. கராஜ் இல்லை என்னிடம், அபார்ட்மெண்ட்.

---

எடிசன் ஜெயண்ட்ஸ் பைத்தியம்:

ஒரு சின்னத் தகவல். 2022-இல் மூன்று தவணையாகக் குறைத்தார்கள்: 85, 80, அப்புறம் 53. 2023-இலிருந்து ஒரே நாளில் 90-லிருந்து 53. அணிக்கு 37 பேர், 32 அணி, பெருக்கிப் பாருங்கள், ஒரே நாளில் ஏறக்குறைய 1,200 பேர். பெரும்பாலான இளைஞர்களை மற்ற அணிகள் எடுத்துக்கொள்ள ஒரு நாள் அவகாசம். எச்-1பிக்கு அறுபது நாள் எவ்வளவோ தேவலாம் அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

---

ட்ராய்க்காரன்:

கோபம் எல்லாம் இல்லை. எனக்கு 47-ஆவது நாளில் கிடைத்தது, அதனால் சிரிக்க முடிகிறது.

உங்கள் பதில்களையெல்லாம் பையனுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அக்கா சொன்ன ‘போகிறவனைக் கேட்டுவிட்டு ஒளிபரப்பு’ அவனுக்கும் சரி என்று பட்டது. ஜெயண்ட்ஸ் தம்பி, மேனேஜருக்கு எதிரே கேமரா என்றதும் எனக்கு ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. அப்புறம் யோசித்தால், அந்த கேமராவில் நானும்தான் இருப்பேன். அன்றைக்கு நான் அந்த அம்மாவுக்கு மூன்று தடவை தேங்க்யூ சொன்னேன். எதற்கு என்று இன்னும் தெரியவில்லை. அதை என் பையன் பார்ப்பதில் எனக்கு இஷ்டம் இல்லை.

நேற்று இரவு லயன்ஸ் சீசனை முழுசாக உட்கார்ந்து பார்த்தோம், கராஜுக்குப் போகாமல். டேவிட் பிளௌ என்று ஒரு மாற்று குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்), ஞாபகம் இருக்கிறதா? மனைவி டோக்கியோ ஒலிம்பிக்கில் கொலம்பியாவுக்காகத் தடை தாண்டி ஓடியவர். பயிற்சி ஆட்டத்தில் அட்லாண்டாவோடு ஜெயிக்க வேண்டிய நேரத்தில் பந்தை நழுவ விட்டு 27-23 என்று தோற்பார்கள். முகாம் முழுக்க அவருக்கும் டிம் பாயிலுக்கும்தான் அந்த இடத்துக்குப் போட்டி. கடைசியில் இரண்டு பேரையும் அனுப்பிவிட்டு, நேட் சட்ஃபெல்ட் என்று வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். என் பழைய பிரிவிலும் அப்படித்தான் ஆனது, அதைப் பையனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், பிளௌ அந்த சீசன் கடைசியில் அரிசோனாவுக்காக முதல் ஆளாக இறங்கி விளையாடினார்ப்பா, என்றான்.

2018 பிரவுன்ஸ் அடுத்து. அக்கா, அந்த வட்டிப் பாடம் எத்தனையாவது பகுதி?

---

கிளீவ்லாந்து அக்கா:

முதல் பகுதியிலிருந்தே பாருங்கள், தானாக வரும். பக்கத்தில் டிஷ்யூ வையுங்கள், கஜூஸ்டுக்கு.