ஷார்ஜா பழக்கத்தை நம்பி முந்திரித் தொழிலில் இறங்கலாமா?

பண்ருட்டி_முந்திரி:
பதினொரு வருஷம் ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை, கடைசி நாலு வருஷம் கொள்முதல் பக்கம். தை மாதம் ஊரோடு வந்துவிட்டேன், கையில் எட்டு லட்சம் இருக்கிறது. முந்திரிப் பருப்பு பாக்கெட் போட்டு அனுப்பலாம் என்று ஆசை. எங்கள் கடைக்குச் சரக்கு போட்ட மலையாளி மொத்த வியாபாரி, கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு "நீ அனுப்பு, நான் எடுத்துக்கறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பலாமா? வீட்டில் பயப்படுகிறார்கள்.

பரங்கிப்பேட்டை_பாய்:
நம்பலாம் தம்பி, ஆனால் ஆறப்போடாதீர்கள். நான் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது அங்கே தேக்கா பகுதியில் ஆறு கடைக்காரர்கள் நல்ல பழக்கம். வீடு கட்டுகிற மும்முரத்தில் ஒன்றரை வருஷம் ஒருத்தருக்கும் போன் போடவில்லை. அப்புறம் வற்றல், வடகம் அனுப்பலாம் என்று கூப்பிட்டால் இரண்டு பேர் கடையையே விட்டுவிட்டார்கள், மற்றவர்கள் வேறு ஆளிடம் வாங்க ஆரம்பித்திருந்தார்கள். பதறிப்போய், சொந்தக்காரர் காட்டிவிட்ட ஒரு பார்ட்டிக்குக் கடனில் அனுப்பினேன், ஒன்றரை லட்சம் இன்னும் வரவில்லை. முதல் இரண்டு தடவையாவது பாதி முன்பணம் கேளுங்கள், பழகினவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

பாண்டி_அக்கா:
நாங்கள் பாரிஸிலிருந்து திரும்பியவர்கள், அங்கே லா ஷப்பேல் பகுதிக் கடைகளுக்குப் பொடி வகைகள் அனுப்புகிறோம். அங்கே பெரும்பாலும் ஈழத்தமிழர் கடைகள்தான். அவர்கள் முதலில் விலையைக் கேட்கவில்லை, லேபிளைத்தான் கேட்டார்கள். எள், கடுகு, முந்திரி மாதிரி ஒவ்வாமை தரும் பொருட்களைப் பிரெஞ்சில் எடுப்பாகத் தெரிகிற மாதிரி எழுத வேண்டும். அதைத் திருத்திக் கொடுத்தது எங்கள் பழைய பக்கத்து வீட்டு அம்மா, பிரெஞ்சுக்காரர். எந்தக் காசுக்கும் கிடைக்காத உதவி அது. ஆனால் தம்பி, பதினொரு வருஷம் வெளியே இருந்திருக்கிறீர்கள், இங்கே கொட்டை உடைக்க, தொலி எடுக்க யாரைத் தெரியும்? எங்களை முதல் வருஷம் படுத்தியது அதுதான், ஆர்டர் இருந்தது, ஆள் இல்லை. அப்புறம், சரக்கு நம்ம ஊர்க் கொட்டையா ஆப்பிரிக்கக் கொட்டையா என்று அந்த மொத்த வியாபாரியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பண்ருட்டி_முந்திரி:
நேற்று ராத்திரியே அந்த மொத்த வியாபாரியைக் கூப்பிட்டேன். 320தான் வேண்டுமாம், அதாவது பவுண்டுக்கு 300லிருந்து 320 பருப்பு, உடைசல் கலக்கக் கூடாது. முதலில் ஐம்பது கிலோ. பாய் சொன்ன மாதிரி முன்பணம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை, எனக்கு வியர்த்துவிட்டது, பிறகு "சரி, பாதி போடறேன்" என்றார். ஏற்றுமதி செய்ய அரசிடம் வாங்க வேண்டிய எண்ணுக்கு 500 ரூபாய் கட்டி விண்ணப்பித்துவிட்டேன். அக்கா, மாமா பையனுக்குக் காடாம்புலியூரில் உடைக்கிற ஷெட்காரர் ஒருத்தரைத் தெரியுமாம், காலையில் அவனோடு போகிறேன்.