பழைய மெத்தை ஃபோம்: பாலியால் எடுக்கலாமா, ரீபாண்டே போதுமா?

நுரைக்காரன்:
மெத்தையில இருக்கற பாலியூரித்தேன் ஃபோம், பாலியால்ங்கற திரவமும் ஐசோசயனேட்டும் வினைபுரிஞ்சு வர்றது. அந்தக் கழிவை ரசாயன முறையில் உடைத்துப் பாலியாலைத் திருப்பி எடுக்கலாம்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. சிறு ஆலைக்கு அது சரிப்படாதுங்கறது என் கட்சி. ஃபோமை அரைச்சு, எடையில 10 சதவீதம் பிரீபாலிமர் பைண்டர் (ஒட்டுப் பசை) கலந்து, அச்சில அமுக்கி நீராவி விட்டா ரீபாண்ட் பிளாக் ரெடி. ரியாக்டரும் வேண்டாம், கழிவுநீரும் இல்லை.

பாலியால்பிரியன்:
வெட்டுக்கழிவுக்கு ரீபாண்ட் சரி. பல வருஷம் வியர்வை குடித்த மெத்தையை அரைத்து மறுபடி மெத்தைக்குள் வைத்தால் யார் வாங்குவார்? அடர்த்தியும் கன மீட்டருக்கு 80, 100 கிலோ என்று ஏறிவிடும். மெத்தென்ற ஃபோம் திரும்பாது.

கிளைகாலிசிஸ், அதாவது சூடான கிளைகாலால் ஃபோமை உடைப்பது, ஒன்றும் மாயமில்லை. 100 கிலோ ஃபோமுக்கு டைஎத்திலீன் கிளைகால், அதாவது டி.இ.ஜி., 150 கிலோ. வினையூக்கியாகப் பொட்டாசியம் ஆக்டோயேட் கொஞ்சம். கிளைகாலை முதலில் 190 டிகிரிக்கு ஏற்றி, நைட்ரஜன் விட்டபடியே ஃபோமை ஸ்க்ரூ ஃபீடரில் சிறுகச் சிறுகப் போட வேண்டும். 25 கிலோ அடர்த்தியில் 100 கிலோ என்றால் 4 கன மீட்டர், ஒரேயடியாகக் கொட்ட இடமே இருக்காது. சூடான கிளைகால் பட்டதும் சுருங்கிக் கரையும். கரைந்தபின் இன்னும் ஓரிரு மணி நேரம் ஓட்டி, கிளறியை நிறுத்தி ஆறவிட்டால் மேலே பாலியால், கீழே கிளைகாலும் மற்றதும். ஈர ஃபோம் மட்டும் கூடாது. தண்ணீர் உள்ளே போனால் அமீன் என்ற வேண்டாத துணைப்பொருள் கூடும்.

நுரைக்காரன்:
"மற்றதும்"னு ஒரே சொல்லில தாண்டிட்டீங்களே சார்! உள்ளே போனது 250 கிலோ. ஃபோமில பாலியால் ஏறத்தாழ 65 கிலோ. அதை மேலே எடுத்துட்டா கீழே 185 நிக்குது. ஒரு கிலோ சரக்குக்கு மூணு கிலோ கீழ் அடுக்கு. அதை எங்க கொட்டுவீங்க?

சோதனைக்குழாய்:
அந்தக் கீழ் அடுக்கில் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஃபோம் செய்தபோது 3000 மூலக்கூறு எடை ட்ரையால் (மூன்று ஹைட்ராக்சில் கொண்ட பாலியால்) 100 பாகத்துக்கு, நுரைக்க வைக்கும் தண்ணீர் 4 பாகம் போட்டதாகக் கொள்வோம். ஐசோசயனேட்டோடு வினைபுரியும் அளவு (சமானம்) பாலியால் பக்கம் 0.1, தண்ணீர் பக்கம் 0.44. பாலியாலோடு சேர்ந்த ஐசோசயனேட் யூரித்தேன் ஆகும், தண்ணீரோடு சேர்ந்தது யூரியா ஆகும். ஆக ஐசோசயனேட்டில் ஐந்தில் நான்கு பங்கு யூரியாவாகவே இருக்கிறது. யூரித்தேனைக் கிளைகால் வெட்டினால் கார்பமேட் மட்டும் வரும். யூரியாவை வெட்டினால் கார்பமேட்டோடு ஓர் அமீனும் சேர்ந்து வரும். எவ்வளவு உலர்ந்த ஃபோமைப் போட்டாலும் டொலுயீன் டையமீன் என்ற அமீன் வந்தே தீரும். ஐரோப்பிய வகைப்பாட்டில் அது 1பி பிரிவுப் புற்றுநோய்ப் பொருள், கலவையில் 0.1 சதவீதம் இருந்தாலே அந்த முத்திரை விழும். என் பரிந்துரை அமில முறை. அடிப்பிக், சக்சினிக் போன்ற அமிலத்தோடு சூடாக்கினால் அமீனில் பெரும்பகுதி அமைடாகக் கட்டுப்பட்டுவிடும்.

பாலியால்பிரியன்:
கட்டுப்படும், ஆனால் மிச்ச அமிலம் பாலியாலிலேயே தங்கும். புதுப் பாலியாலில் அமில எண் (மிச்ச அமிலத்தின் அளவு) 0.1-க்குக் கீழே. அதற்கு மேல் போனால் ஃபோம் செய்யப் போடும் அமீன் வினையூக்கியை அது தின்றுவிடும், ஃபோம் சோம்பலாக எழும்பும். மலிவு ஃபோமில் சுண்ணாம்புத் தூள் இருந்தால் அமிலத்தில் பாதி அதற்கே போகும். துண்டு ஒன்றை 550 டிகிரியில் எரித்துச் சாம்பலை எடை பாருங்கள். கணிசமாக நின்று, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பொங்கினால் அந்த லாட்டை ஒதுக்கிவிடுங்கள்.

கீழ் அடுக்கைக் கொட்ட வேண்டியதில்லை. வெற்றிடத்தில், 10 மி.மீ. பாதரச அழுத்தத்தில், டி.இ.ஜி. சுமார் 130 டிகிரியில் ஆவியாகும். அடுத்த பேட்ச்சுக்கு அதுவே ஆகும். அடியில் நிற்பதைப் புரோப்பிலீன் ஆக்சைடோடு சேர்த்து ரிஜிட் (கெட்டி) ஃபோமுக்கான பாலியாலாக்கலாம். பிரான்சில் செமுவா ஊரில் பழைய மெத்தை ஃபோமைப் பாலியாலாக்கும், டவ் ரசாயன நிறுவனத்தின் ரெனுவா திட்டத்துக்கான ஆலை 2021-இல் திறந்தது. ஆண்டுக்கு 2 லட்சம் மெத்தை வரை அதன் கொள்ளளவு.

நுரைக்காரன்:
அங்கே மெத்தை விற்கறவங்களே காசு கட்டற சேகரிப்புத் திட்டம் பின்னாடி நிக்குது. புரோப்பிலீன் ஆக்சைடுன்னா பிரஷர் ரியாக்டர். நம்ம பேசறது சிறு ஆலை. மேல் அடுக்கும் சுத்தமா வராது. ஐசோசயனேட் எவ்வளவு தேவைன்னு காட்டற ஹைட்ராக்சில் எண் டி.இ.ஜி.க்கு 1057. பாலியால் 56. மேலே 3 சதவீதம் டி.இ.ஜி. தங்கினா 86 ஆயிடும். பழைய ஃபார்முலாவிலேயே ஓட்டினா ஐசோசயனேட் பத்தாது. கணக்குப் பார்த்துக் கூட்டினா ஃபோம் விறைச்சுப் போகும்.

சோதனைக்குழாய்:
அந்தக் கணக்கு சரி. மேல் அடுக்கை லேசாக அமிலமாக்கிய வெந்நீரில் கழுவினால் டி.இ.ஜி., அமீன், பொட்டாசியம் மூன்றும் குறையும். பொட்டாசியம் நின்றால் நுரை தாறுமாறாக வேகமெடுக்கும். கழுவியதை வெற்றிடத்தில் உலர்த்தியே ஆக வேண்டும், 0.1 சதவீதத் தண்ணீர் ஹைட்ராக்சில் எண்ணில் 6 கூட்டியதற்குச் சமம். அப்புறம் புதுப் பாலியாலில் 10 பாகம் மட்டும் மாற்றி, கப் சோதனையில் (சிறு கோப்பையில் நுரைக்க விட்டு) கிரீம் நேரமும், அதாவது நுரைக்கத் தொடங்கும் நேரமும், எழும்பும் நேரமும் பாருங்கள். கழுவிய நீரில் டையமீன் இருப்பதால் நுரைக்காரன் சொன்ன கழிவுநீர்ப் பிரச்சினை மட்டும் அப்படியே நிற்கிறது.

பாலியால்பிரியன்:
அதை மறுக்கவில்லை. தனி ஆள் பேட்ச் போடுவதற்குக் காய்ச்சி வடிக்கும் கோபுரம் கட்டுபடியாகாது. பத்து ஃபோம் ஆலைக்குப் பொதுவாக ஒன்று என்றால் ஆகும்.

நுரைக்காரன்:
பத்து ஆலைச் சரக்கும் ஒரே தொட்டியிலா? மெமரி ஃபோமை அமுக்கினா மெதுவா எழும்பும், கையாலேயே ஒதுக்கிடலாம். அதோட பாலியாலுக்கு ஹைட்ராக்சில் எண்ணே வேற. ஸ்டைரீன்-அக்ரிலோநைட்ரைல் துகள் போட்ட எச்.ஆர். (நல்லா எம்பி எழும்பற வகை) ஃபோமை என்ன செய்வீங்க? ரெண்டு அடுக்கும் ஒழுங்காப் பிரியாம கலங்கி நிக்கும்போதுதான் அது உள்ளே வந்ததே தெரியும்.