வன்னிக் காட்டுக் கரடிகளைக் காக்க நாம் என்ன செய்யலாம்?

கேள்வி: இலங்கைக் கரடிகள் இப்போது ஆயிரத்துக்கும் குறைவாகவே எஞ்சியிருக்கும் என்று மதிப்பிடப்படுவதை அறிந்து மிகவும் வருந்தினேன். வில்பத்து தேசியப் பூங்காவுக்கு அருகில் வசிக்கும் எங்களைப் போன்றவர்கள் பணம் கொடுப்பதைத் தவிர வேறு எவ்வகையில் உதவ முடியும்?

மறுமொழி 1: முதலில் பாலை மரங்களைக் காப்பாற்றுங்கள், ஐயா. வைகாசி, ஆனி மாதங்களில் பாலைப்பழம் கனியும்போது கரடிகள் மரத்தின் உச்சிவரை ஏறித் தின்பதையும், விழுந்த பழங்களைத் தேடி அலைவதையும் எங்கள் பெரியவர்கள் நன்கு அறிவார்கள். வைரம் பாய்ந்த அந்த மரம் மிக மெதுவாகவே வளர்வதால், இன்று வெட்டப்படும் ஒன்றின் இடத்தை நாம் நடும் கன்று நம் வாழ்நாளில் நிரப்பாது. ஆகவே நடுவதைவிட, நிற்பதை வெட்டவிடாமல் தடுப்பதே முதன்மையானது என்பது என் உறுதியான எண்ணம்.

மறுமொழி 2: உடன்படுகிறேன். ஆனால் பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்கையும் மறந்துவிடக் கூடாது. அது எந்த விலங்கையும் பிரித்தறியாது. கரடிக்கு ஓர் ஈற்றில் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ குட்டிகளே பிறக்கின்றன. அவற்றை முதுகில் சுமந்து, இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகவும் உடன் வைத்து வளர்க்கும் தாய் இறந்தால், அவையும் பிழைப்பது அரிது. சுருக்குகளைக் கண்டால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு உடனே அறிவியுங்கள்.

கேள்வி கேட்டவர்: மிக்க நன்றி. தேன் எடுக்கச் செல்லும் எங்கள் ஊரவர்கள் கரடிக்கு அஞ்சித் துவக்கு எடுத்துச் செல்கிறார்களே?

மறுமொழி 1: கூட்டமாகவும் உரக்கப் பேசிக்கொண்டும் செல்லச் சொல்லுங்கள். திடீரென நெருக்கத்தில் எதிர்ப்படும்போதுதான் கரடி பெரும்பாலும் தாக்குகிறது.