மெனு பாரில் கிரிப்டோ விலை: முழு விலையா, சதவீதமா?

கேள்வி: வணக்கம். என் மேக் கணினியின் மெனு பாரில் (திரையின் மேல் விளிம்பில் உள்ள பட்டை) பிட்காயின், ஈத்தர், டோஜ்காயின் ஆகிய மூன்று கிரிப்டோ நாணயங்களின் விலையும் எப்போதும் தெரியும்படி வைத்திருக்கிறேன். விலை மாறும்போதெல்லாம் எண்ணின் அகலமும் மாறுவதால், பக்கத்து ஐகான்கள் இடம் பெயர்ந்துகொண்டே இருக்கின்றன. நாட்ச் (கேமராவுக்காகத் திரையின் மேல் நடுவில் உள்ள வெட்டு) உள்ள திரை என்பதால் சில ஐகான்கள் மறைந்தும் போகின்றன. முழு விலையையும் காட்டுவதா, 24 மணி நேர மாற்றச் சதவீதம் மட்டும் போதுமா?

பதில் 1: ஐகான்கள் நகர்வதற்கு எழுத்துருவே முக்கியக் காரணம். பல எழுத்துருக்களில் 1 என்னும் இலக்கம் 8-ஐ விடக் குறுகலானது. செயலியின் அமைப்புகளில் சம அகல இலக்கங்களைத் தேர்ந்தெடுக்க வழி இருந்தால், 61,111 என்பதும் 68,888 என்பதும் ஒரே இடத்தையே பிடிக்கும். பிட்காயினுக்குத் தசம இலக்கமே வேண்டாம், 68.9K (K என்றால் ஆயிரம்) என்று சுருக்கினாலும் போதும்; ஆனால் டோஜ்காயினை இரண்டு தசமங்களோடு நிறுத்தினால் 0.121-உம் 0.124-உம் ஒன்றாகவே தெரியும் என்பதால், அதற்கு நான்கு தசமங்களாவது வையுங்கள்.

பதில் 2: மூன்றையும் பாரிலேயே அடுக்க வேண்டியதில்லை, நண்பரே. ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) தரும் வெளியீட்டை மெனு பாரில் காட்டும் எக்ஸ்பார், ஸ்விஃப்ட்பார் போன்ற செயலிகளில், அந்த வெளியீட்டில் மூன்று சிறு கோடுகளுக்கு (---) மேலே உள்ள வரிதான் பாரில் தோன்றும். கீழே உள்ளவை சொடுக்கினால் விரியும் பட்டியலுக்குப் போய்விடும். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பது என்பதை ஸ்கிரிப்ட் கோப்பின் பெயரிலேயே குறிக்கலாம். விலைத் தகவலை நிரல்களுக்குத் தரும் இலவச ஏபிஐ சேவைகளுக்கு அழைப்பு வரம்பு உண்டு. 5 நிமிடம் தாராளம்.

பதில் 3: சதவீதத்தை மட்டும் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. சில தளங்கள் கடந்த 24 மணி நேரத்தையும், சில தளங்கள் யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவையும் தொடக்கமாகக் கொள்வதால், ஒரே நாணயம் ஓரிடத்தில் ஏற்றமாகவும் வேறோர் இடத்தில் இறக்கமாகவும் தெரியும். விலையோடு ஓர் அம்புக்குறி இருந்தால் போதும். சிவப்பு, பச்சை நிறங்களை மட்டும் நம்பினால் நிறக்குருடு உள்ளவர்களுக்கு அது பயன்படாது.