கிரியேட்டின் கைனேஸ் நொதி செயலிழந்ததா? ஆலோசனை தேவை

குழுவிலுள்ள உயிர்வேதியியல் அன்பர்களுக்கு டர்பனிலிருந்து வணக்கம்.

ஈ.கோலை நுண்ணுயிரின் சாற்றைக் கொண்டு, உயிருள்ள செல் இல்லாமலேயே சோதனைக்குழாயில் புரதம் தயாரித்து வருகிறேன். அமினோ அமிலங்களைக் கோப்பதற்கு ஆற்றல் இடைவிடாது செலவாவதால், கிரியேட்டின் பாஸ்பேட்டிலிருந்து பாஸ்பேட்டைப் பெற்று, அடினோசின் டைபாஸ்பேட்டை மீண்டும் ஆற்றல் தரும் ட்ரைபாஸ்பேட்டாக்கும் கிரியேட்டின் கைனேஸைச் சேர்க்கிறேன். முழு வினையும் இந்த ஒரு நொதியை நம்பியே நிற்கிறது.

சென்ற மாதம் நீண்ட மின்வெட்டில், இந்த நொதி இருந்த உறைபெட்டியின் குளிர் குறைந்துவிட்டது. அதன்பின், 37 பாகையில், புரதம் உருவாவதைக் காட்டும் பச்சை ஒளிர்புரதத்தின் ஒளி 20 நிமிடம் ஏறி, அப்படியே நின்றுவிடுகிறது. சேரும் பாஸ்பேட், வினைக்குத் தேவையான மக்னீசியத்தைப் பிணைத்துவிடுகிறதோ என்று மக்னீசியம் அசிட்டேட்டைக் கூட்டிப் பார்த்தும் பயனில்லை. கிரியேட்டின் பாஸ்பேட்டைப் புதிதாகச் சேர்த்தபோதும் மாற்றமில்லை. நண்பர் ஒருவர் தந்த புதிய நொதியில் சில துளி விட்டதும் ஒளி மீண்டும் ஏறியது. அதைக் கண்டபோது எனக்கு எவ்வளவு ஆறுதல்!

நொதியிலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்குமானால், ஒடுக்கியான டைதயோதிரெய்ட்டாலைப் புதிதாகச் சேர்த்து அதை மீட்க இயலுமா? அல்லது, அசிட்டைல் பாஸ்பேட்டைக் கொண்டு இதே வேலையைச் செய்யும் அசிட்டேட் கைனேஸ் நொதி சாற்றிலேயே இருப்பதால், அசிட்டைல் பாஸ்பேட்டுக்கு மாறுவது நல்லதா? இதைச் செய்து பார்த்தவர்கள், பயன்படுத்திய செறிவுகளுடன் எழுதினால் மிகவும் நன்றியுடையவனாவேன்.