கயிலாயம் போய் வந்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 63 வயது. வெள்ளிக்கிழமை தவறாமல் கோணேசர் கோவிலுக்குப் போகிறவர். அந்தத் தட்சிண (தெற்கு) கயிலாயத்தைத்தான் வாராவாரம் பார்க்கிறீர்களே என்றால், "வடக்கில இருக்கிறதையும் ஒருக்காப் பாக்க வேணும்" என்கிறார். சரி, கூட்டிப்போவோம் என்று இறங்கிவிட்டேன்.

இந்திய அரசு நடத்தும் யாத்திரை இந்தியக் குடிமக்களுக்கு மட்டும்தான். அதனால் காத்மாண்டு வழியாகப் போக யோசிக்கிறோம். இலங்கைப் பாஸ்போர்ட்டில் அப்படிப் போனவர்கள் யாராவது இருந்தால், திபெத் அனுமதிக்கு எத்தனை நாள் எடுத்தது என்று சொல்லுங்கள்.

பெரிய பயம் உயரம்தான். மானசரோவர் குளமே கிட்டத்தட்ட 4,590 மீற்றரில் இருக்கிறது. மலையைச் சுற்றி வர 52 கிலோமீற்றர், இடையில் டோல்மா கணவாய் 5,600 மீற்றருக்கும் மேல். அம்மா ஏறியதில் உயரமானது சிவனொளிபாதமலை, 2,243 மீற்றர், அதுவும் கல்யாணத்துக்கு முதல்! பிரஷர் குளிசை வேறு போடுகிறார். டொக்டரிடம் காட்டாமல் கிளம்ப மாட்டோம். ஆனாலும் இந்த வயதில் போனவர்களின் அனுபவம் வேண்டும். சுற்றாமல் குளக்கரையிலிருந்து மலையைத் தரிசித்துவிட்டுத் திரும்பினால் மனம் நிறையுமா?

அப்புறம், குளத்தில் இறங்கிக் குளிக்க இப்போது விடுகிறார்களா? அம்மாவின் முதல் கேள்வியே அதுதான்.

எங்கள் பக்கத்து வீட்டுச் சிங்கள அன்ரியும் வரக் கேட்கிறார். பௌத்தர்களுக்கும் அது புனித மலைதானே. ஆக, மூன்று பேர். எந்த மாதம் நல்லது?